தீரி சோ என்கிற ஜாஸ்லின்

அந்த நோட்டீஸை எழுதி முடிக்கச் சைமனுக்கு நாலு வெள்ளைத்தாள் செலவாயிற்று. யாங்கோன் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டு அறையில் முப்பத்தொரு வருஷம் பேனா பிடித்த கை அது. அந்தக் கை எழுதியதில் ஓர் அடித்தல் திருத்தலை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு மூன்று தாளைக் கசக்கி எறிந்துவிட்டு நாலாவதில்தான் தேறினார். பெற்ற மகளை மகளே இல்லை என்று எழுத எந்த ஆபீசில் பழக்கிக் கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் வார்டுத் தலைவர், ஒக்கட்டா என்பார்கள், வந்திருந்தார். ஜூலை மாத மழை நாலு நாளாக விடவில்லை. தின்கன்ஜூனில் அவர்கள் இருந்த சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மனுஷன் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்து படியில் காலை உதறினார். கரண்ட் போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. தெரேசா மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

“ஊ சான் மிண்ட், உங்களுக்கு நல்லது சொல்லத்தான் வந்தேன்,” என்றார் தலைவர் பர்மியத்தில்.

அரசாங்க அட்டையில் சைமனின் பெயர் ஊ சான் மிண்ட். ஊ, டோ, மா எல்லாம் பேருக்கு முன்னால் மரியாதைக்கு வைப்பது. சைமன் என்பது வீட்டுக்கும் கோயிலுக்கும். அங்கே பிறந்து வளர்ந்த தமிழாட்களில் பலருக்கு இப்படி ரெண்டு பேர் உண்டு. மகளுக்கும் அப்படித்தான். அட்டையில் மா தீரி சோ, ஞானஸ்நானத்தில் ஜாஸ்லின்.

“உங்கள் மகள் பேர் லிஸ்டில் வந்திருக்கிறது. ஐந்நூற்றைந்து.”

பட்டாளத்துக்கு எதிராக ஜனங்களைத் தூண்டினார் என்று ஆளைப் பிடிக்கிற சட்டப் பிரிவு அது. யாங்கோனில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அந்த நம்பர் தெரியும்.

“அவள் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது,” என்றார் சைமன்.

“நான் அதைக் கேட்கவே இல்லையே. கேட்கவும் மாட்டேன். பின்தெருவில் அந்த வாத்தியார் வீட்டுக்கு முத்திரை வைத்தார்களே, பார்த்தீர்கள் அல்லவா? புருஷனும் பெண்டாட்டியும் கட்டின துணியோடு தெருவில் நின்றார்கள். உங்களுக்கு அது வேண்டாம். பேப்பரில் ஒரு நோட்டீஸ் போடுங்கள். சொல் கேட்காமல் போய்விட்டாள், இனி அவளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று நாலு வரி. எத்தனையோ பேர் போடுகிறார்கள். அதை மேலே காட்டி வீட்டை நான் காப்பாற்றிக் கொடுக்கிறேன். உங்களையும் கூட்டிப் போய் அவள் எங்கே, எங்கே என்று குடைய மாட்டார்கள்.”

டீயைக் குடித்தார். நன்றாயிருக்கிறது என்று தெரேசாவிடம் சொல்லிவிட்டு மறுபடி கைலியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது.

குடைந்தால் தாங்க மாட்டோம் என்பதுதான் சைமனின் பயம். ஏனென்றால் மகள் இருக்கிற இடம் அவர்களுக்குத் தெரியும். த்வாண்டேக்கு அப்பால், வாய்க்காலை ஒட்டின ஒரு நெல்லூரில், தெரேசாவின் பெரியம்மா மகள் ரத்தினம்மாள் வீட்டில் இருந்தாள். வேலைநிறுத்தத்தில் வாத்தியார்கள் போனதோடு அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. கோயில் கொட்டகையில் இருபது பிள்ளைகளை உட்கார வைத்து இவள் பாடம் சொன்னாள். டீச்சரைச் சயாமா என்பார்கள். அந்த ஊருக்கு இவள் ஜாஸ்லின் சயாமா. தீரி சோ என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே ரத்தினம்மாளைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. அந்த ஒரு பேர்தான் அவளுக்குக் கூரையும் கதவும்.

பல்கலைக்கழகத்தின் சரித்திரத்தைப் புத்தகத்தில் படிக்கிறவர்கள் படிக்கட்டும். சைமனுக்கு அது பேரேட்டில் தெரியும். பாதிச் சுவர்வரை அலமாரி, அலமாரி நிறையப் பேரேடு, கரையான் ஏறாமலிருக்க இடுக்கெல்லாம் காய்ந்த வேப்பிலை. வெள்ளைக்காரன் தொடங்கின வருஷமே பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். அறுபத்திரண்டில் பட்டாளம் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. எண்பத்தெட்டில் சுட்டது. தொண்ணூற்றாறில் மறுபடி பூட்டியது. பிறகு இளங்கலைப் பிள்ளைகளையே ஊருக்கு வெளியே, வயல் நடுவில் கட்டின கட்டடங்களுக்குத் துரத்தினார்கள். நாலு பிள்ளைகள் சேர்ந்து டீ குடித்தால் நாடு கவிழ்ந்துவிடும் என்று அத்தனை பயம். நீக்கின பிள்ளையின் பேர்மேல் ரூலர் வைத்துச் சிவப்பு மசியில் ஒரு கோடு போட வேண்டும். எந்த வருஷம் எத்தனை கோடு என்று சைமன் பாராமல் சொல்வார். தொண்ணூற்றாறுக்குப் பிறகு வந்ததில் பாதி அவர் போட்டது.

அந்த அறையில் அவராக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. ஸமீரா என்றொரு பெண், பட்டம் ஒரு பேரிலும் அட்டை இன்னொரு பேரிலுமாக அகப்பட்டுக்கொண்டு, வேலைக்குப் போக முடியாமல் ஆறு மாதம் அந்தப் படியை ஏறி இறங்கினாள். கடைசி நாள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அதிலிருந்து நம்மவர் பிள்ளை யார் சேர வந்தாலும், “வீட்டுல என்ன பேரு?” என்று கேட்டு, ரெண்டு பேரையும் ‘என்கிற’ போட்டுச் சேர்த்து எழுதிவிடுவார். மேலதிகாரி கேலி செய்தும் விடவில்லை. இளங்கலை மறுபடி ஊருக்குள் வந்த பிறகு சரித்திரப் பிரிவில் மகள் சேர்ந்தபோது அவள் வரியையும் அவர்தான் எழுதினார்: மா தீரி சோ என்கிற ஜாஸ்லின்.

அந்த ஒரு வருஷம் அப்பனும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். மத்தியானம் பட்டமளிப்பு மண்டபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டார்கள். அடுத்த வருஷம் நோய் வந்து பூட்டினார்கள். திறப்பதற்குள் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார், குமாஸ்தா என்று பாதிப் பேர் வேலைக்கு வருவதில்லை என்று நின்றுவிட்டார்கள். சைமன் நிற்கவில்லை.

“போகாதீங்கப்பா,” என்று மகள் அன்றைக்கு வாசலை மறித்து நின்றாள்.

“நான் போகலேன்னா அந்தக் கோட்டை வேற ஒருத்தன் போடுவான்மா.”

“அவன் போடட்டுமேப்பா. நீங்க ஏன் போடணும்?”

சைமன் குடையை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரத்தில் நீக்கப்பட்டவர் பட்டியல் வந்தது. அதில் அவள் பேர் பதினேழாவது. ரூலரை வைத்தார், கோட்டைப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அதை அவரே மகளிடம் சொன்னார், மறைக்கத் தெரியாத மனுஷன். அதற்குப் பிறகு அவள் ஊரைவிட்டுப் போகிறவரைக்கும் அப்பாவிடம் முகம் பார்த்துப் பேசவில்லை.

இப்போது நோட்டீஸ். தெரேசா பக்கத்தில் வந்து நின்றாள். த்வாண்டே வயல்காட்டில் வளர்ந்தவள் அவள். கோயிலில் தமிழ் எழுத்து மட்டும் படித்தாள். ஜெபப் புத்தகம் தடவாமல் வாசிப்பாள். பர்மியம் தண்ணீராய்ப் பேசுவாள், ஆனால் அந்த எழுத்து அவளுக்குத் தெரியாது.

“படிச்சுக் காட்டுங்க.”

“‘எங்கள் மகள் பெற்றோர் சொல்லை மீறி, எங்களுக்கு மனவேதனை உண்டாக்கியபடியால்...’”

“போதும். நிறுத்துங்க.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சேசுவே, நம்ம வாயாலயா இத சொல்லணும்?”

“வெறும் தாளு தெரேசா. நாளைக்கு இவனுங்க போனா, ரத்துன்னு இன்னொரு நோட்டீஸ் போட்டுடலாம். ரத்துப் பண்ணணும்னா மொதல்ல போட்டது சரியா இருக்கணும். பேரு, அட்டை நம்பரு, அப்பன் பேரு, ஒண்ணும் கொறையக் கூடாது. கொறைஞ்சா நாளைக்கு எவனாச்சும் இது வேற ஆளும்பான்.”

“என்னமோ செய்யுங்க. பிள்ள அவனுங்க கையில அகப்படக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

பேப்பர் ஆபீசில் தாளை வாங்கின ஆள் படித்துவிட்டு, இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, திருத்த ஓர் எழுத்துக்கூட இல்லை என்றான். அந்த நேரத்திலும் சைமனுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. என்ன மனுஷனோ! திங்கட்கிழமை வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சனிக்கிழமையே வந்துவிட்டது. அது இவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து தெரேசா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சந்து முனையில் பலாட்டாக் கடை வைத்திருக்கிற நூர் பீவி, மாவுக் கையோடு ஒரு பேப்பரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். பொட்டலம் மடிக்க வாங்கின பழைய பேப்பர்.

“அண்ணி, கோவிச்சுக்காத. மடிக்கப் போனப்போ அண்ணன் பேரு கண்ணுல பட்டுது. இதுல எப்படி நான் பலாட்டா மடிப்பேன்? அதான் கொண்டாந்துட்டேன்.”

“வந்துருச்சா? படி, நூரு. முழுசும் படி.”

நூர் பீவி எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னாள். “‘ஊ சான் மிண்ட், டோ தெரேசா ஆகிய எங்களுடைய மகள் மா தீரி சோ என்கிற ஜாஸ்லின்...’”

தெரேசாவின் கை அரிசியில் நின்றது. “ஜாஸ்லின்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கே அண்ணி. ரெண்டு பேரும் இருக்கு.”

தெரேசா எழுந்தாள். ஈரக்கை மணிக்கட்டிலிருந்து சொட்டியது. சைமன் உள்ளே மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க. பிள்ள அந்த ஊருல எந்தப் பேருல இருக்கா?”

நூர் பீவி கையிலிருந்த பேப்பரைச் சைமன் வாங்கிப் பார்த்தார். அதுவரை அது அவருக்குத் தோன்றவே இல்லை, நம்புங்கள். அந்த ‘என்கிற’ அவர் மூளையிலிருந்து வந்ததில்லை, கையிலிருந்து வந்தது. ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுதின கை, தன் பிள்ளைக்கும் அதையே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறது.

“அந்தப் பேரு அவனுங்களுக்குத் தெரியாதே! அட்டையில இல்ல, வீட்டு லிஸ்ட்டுல இல்ல, உங்க பேரேட்டத் தவிர வேற எங்கயும் இல்ல, ஒக்கட்டாவுக்கே தெரியாது. நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க! பாவி மனுஷா, உங்க கையெழுத்து அழகா இருக்கணும்னு எம் பிள்ளையக் காட்டிக் குடுத்துட்டீங்களே!” தெரேசா தலையில் அடித்துக்கொண்டாள். நூர் பீவி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நின்னுகிட்டிருக்காதீங்க. கெளம்புங்க, கெளம்புங்க,” என்று கத்தினாள்.

சைமன் ரத்தினம்மாளின் போனுக்கு அடித்தார். அணைந்து கிடந்தது, அந்த ஊரில் கரண்ட் வந்து எத்தனை நாளோ, சார்ஜ் எங்கே ஏற்றுவாள். மகள் போனுக்கு நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். அவள் அடித்தால்தான் உண்டு. சைமன் கழற்றின சட்டையையே மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தார். பான்சோடான் துறையில் படகு நிறைய ஜனம். கோழிக்கூடையும் சைக்கிளும் முட்ட, ஆற்றைக் கடந்து டலாவில் இறங்கி லைன் காரில் ஏறினார். வழியில் ரெண்டு இடத்தில் பட்டாளம் நிறுத்தி அட்டை பார்த்தது. எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, த்வாண்டேயில் தண்ணிப் பானை வாங்க என்றார். அன்றைக்கு அவர் சொன்ன பொய் அந்த ஒன்றுதான், அது யாருக்கும் உதவவில்லை. ரெண்டு பக்கமும் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மழைக்குக் குனிந்த முதுகுகளில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. நேற்றைய பேப்பர் நேற்று மத்தியானமே இந்த ரோட்டில்தான் போயிருக்கும் என்று அவர் மனசு கணக்குப் போட்டது. ஒருவேளை யாரும் படித்திருக்க மாட்டார்கள், மாதாவே, ஒருவேளை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று வழி முழுக்க முணுமுணுத்தார்.

ரத்தினம்மாள் வீட்டு வாசலில் இருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே சைமனுக்குத் தெரிந்துவிட்டது.

“காலையில பத்து மணிக்குத்தான் மச்சான்,” என்றாள். “ரெண்டு வண்டி. ஞாயித்துக்கெழமையும் விடாம கொட்டகையில பிள்ளைங்களுக்குப் பெருக்கல் சொல்லிக்கிட்டிருந்தா. ஊராட்சி ஆபீஸ் எழுத்தன் கூட வந்தான். கையில பேப்பரு. ‘புது சயாமா பேரு ஜாஸ்லின்தானே?’ங்கிறான். நம்ம பொடிசுங்களுக்கு என்ன தெரியும்? ‘ஆமா, ஆமா, ஜாஸ்லின் சயாமா’ன்னு எல்லாம் ஒண்ணாக் கத்துதுங்க.”

“அடிச்சாங்களா?”

“அதக் கேக்காதீங்க.”

“ரத்தினம், சொல்லு.”

“ஒரு தடவ. கன்னத்துல. பிள்ளைங்க முன்னால. எனக்கு ஒண்ணும் தெரியாது, வாடகைக்கு வந்த பொண்ணுன்னு சொல்லுன்னு அவதான் எனக்குச் சாடை காட்டுனா. நானும் அப்படியே சொல்லிட்டேன் மச்சான். எம் பொண்ணு மாதிரி வச்சிருந்துட்டு, தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

“பேப்பரப் பாத்தாளா?”

“அவனுங்க அவ கையிலேயே குடுத்துப் படிக்கச் சொன்னானுங்க. சத்தமாப் படிச்சா. கடைசிவரைக்கும் படிச்சா. குரல் ஒடையல.”

சைமன் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ரத்தினம்மாள் சோறு போட்டாள், கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். ஒரு கவளம்கூட இறங்கவில்லை. கொட்டகைப் பலகையில் பெருக்கல் வாய்பாடு பாதியில் நின்றிருந்தது. கடைசிப் படகைப் பிடித்து வீட்டுக்கு வந்தபோது தெரேசா கேட்க ஒன்றும் இல்லை. தனியாக வந்திருக்கிறாரே, அது போதாதா?

வீட்டுக்கு முத்திரை விழவில்லை. வார்டுத் தலைவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சைமன் வழக்கம்போல ஆபீசுக்குப் போனார், வந்தார். தெரேசா சோற்றைப் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவரோடு பேசுவதில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே பத்தொன்பது நாள் ஆயிற்று. விசாரணை இடத்திலிருந்து சிறைக்கு மாற்றியிருக்கிறார்கள், புதன்கிழமை பொட்டலம் வாங்குகிறார்கள் என்று ஒரு வக்கீல் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பூராவும் தெரேசா பலாச்சாங் கிண்டினாள். காய்ந்த இறாலைத் தட்டி, பூண்டையும் வெங்காயத்தையும் மெல்லிசாய்ச் சீவி, கரிந்துவிடாமல் தனித்தனியாகப் பொரித்து, மிளகாயும் ஙபி என்கிற இறால் விழுதும் சேர்த்துப் பிரட்டி. ஈரம் இருந்தால் சிறையில் பூசணம் பிடிக்கும். அதனால் கரண்ட் இல்லாத அந்தப் புழுக்கத்தில் அடுப்பைவிட்டு நகராமல் நாலு மணி நேரம் வறுத்தாள். பெரிய ஆர்லிக்ஸ் பாட்டிலில் அடைத்தாள். சோப்பு, பல்பொடி, முகத்தில் அரைத்துப் பூசுகிற தனாகாக் கட்டை ஒன்று, பெண்பிள்ளைக்கு வேண்டிய பஞ்சு. சைமன் பொட்டலத்தோடு போகிற பட்டியலை எழுதினார். எழுதும்போது தெரேசா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிறை வாசலில் விடிகாலையிலிருந்து வரிசை. வீட்டுக்கு ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே தெரேசா உட்கார்ந்தாள். சன்னலுக்குப் பின்னால் சைமனைப் போல ஒரு குமாஸ்தா, சைமனைப் போலவே கண்ணாடி.

“யாருக்கு?”

“மா தீரி சோ.”

“என்ன உறவு?”

“அப்பா.”

அந்த ஆள் ஒரு கட்டைப் பிரித்தார். நிதானமாகத் தேடினார். பேப்பரிலிருந்து கத்தரித்து ஒட்டின ஒரு துண்டைச் சன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“ஊ சான் மிண்ட் நீங்கள்தானா?”

“ஆமாம்.”

“சம்பந்தமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. அப்பா என்று நான் எப்படிப் பதிவது?”

“அது... வீட்டுக்காகப் போட்டது ஐயா.”

“எதற்காகப் போட்டீர்கள் என்று இதில் இல்லையே.” குரலில் கோபம் எதுவும் இல்லை. “உறவில்லாதவர் பார்க்க அனுமதி கேட்க முடியாது. பொட்டலம் மட்டும் கொடுக்கலாம். தெரிந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் ஆள் நிற்கிறது.”

சைமன் பேனாவைத் திறந்தார். நின்றார். பின்னாலிருந்து ஒரு பெண், “சீக்கிரம் ஐயா, புண்ணியமாப் போகும்,” என்றாள். எழுதினார். தெரிந்தவர். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பாட்டிலைத் திறந்து ஒரு கம்பியை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

ரெண்டு மணி நேரம் கழித்துப் பேர் கூப்பிட்டார்கள். பெற்றுக்கொண்டதற்கு உள்ளே இருக்கிறவர் கைப்பட எழுதிக் கொடுக்கிற சீட்டு. அதற்காகத்தான் அங்கே அத்தனை பேரும் நிற்பது, ஆள் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. சைமன் சுவரோரம் போய்ப் பிரித்தார். பர்மியத்தில் ரெண்டே வரி. எழுத்து அவளுடையதுதான், சந்தேகமே இல்லை.

‘ஐயா அனுப்பிய பொருள்கள் கிடைத்தன. முன்பின் அறியாத எனக்காகப் பட்ட சிரமத்துக்கு மிக்க நன்றி. தீரி சோ.’

உள்ளே போன பட்டியல் அவர் கையெழுத்தில் இருந்தது. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். வெளியே இருக்கிற ரெண்டு பேருக்கும் கெடுதல் வரக் கூடாதென்று எழுதினாளா, இல்லை, நீ எழுதினபடியே ஆகட்டும் என்று எழுதினாளா? திரும்பத் திரும்பப் படித்தார். அவருக்குத் தெரியவில்லை. இனி எப்போதும் தெரியப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

தார்ப்பாய்க்குக் கீழே தெரேசா எழுந்து நின்றிருந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவளாக வாயைத் திறந்தாள்.

“எழுதியிருக்காளா?”

“எழுதியிருக்கா.”

“படிங்க.”

சைமன் சீட்டை விரித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “‘அம்மா, பலாச்சாங் கெடச்சுது. நான் சொகமா இருக்கேன். நீங்க அழாதீங்க.’”

தெரேசா சீட்டின்மேல் குனிந்தாள். “அம்மான்னு எங்க இருக்கு?”

சைமன் அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தார்.

“உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணும் எழுதல.”

தெரேசா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சீட்டை வாங்கி, அவர் காட்டின எழுத்தின்மேல் மழைத்துளி விழாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். நாற்பத்திரண்டாம் நம்பர் பஸ் வந்தது. ரெண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.